ஓரிடத்தான்கள்: நிலாக்கல்லை வாசித்தல்

1

'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியை நம் சூழலில் யாரும் சும்மா கேட்பதில்லை. மொழியின் மூலம், இனத்தின் மூலம், சாதியின் மூலம், கோயிலின் மூலம் என்று எதைத் தொட்டாலும் கேள்விக்குப் பின்னால் ஒரு உரிமைக் கோரல் நிற்கிறது. பெரும்பாலும் ஒரு விலக்கலும் நிற்கிறது. அதனால்தான் மூலம் தேடும் பேச்சுகளைச் சந்தேகத்தோடு பார்க்கக் கற்றுக்கொண்டோம். தேவையான கல்விதான் அது. ஆனால் அந்தச் சந்தேகமே இப்போது ஒரு சௌகரியமாகிப்போனது. 'எல்லாமே கதையாடல்தானே' என்று சொல்லிவிட்டால் யாருடைய சான்றையும் உட்கார்ந்து பார்க்கிற வேலை மிச்சம். இந்தச் சௌகரியத்தை அதிகாரத்தில் இருப்பவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் சிக்கல். கல்வெட்டு எதிராகச் சொன்னால் அது ஒரு கருத்து. அகழாய்வு எதிராகச் சொன்னால் அதுவும் ஒரு கருத்து. நாம் பட்டை தீட்டிய ஆயுதம் நம் கழுத்துக்கே வருகிறது.

எனவே, நமக்கு எந்த வாரிசுரிமையும் இல்லாத ஓரிடத்தில் மூலம் பற்றிய கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். நிலா எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு 1984 வாக்கில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு நல்ல கதை கிடைத்தது. ஆனால் ஒரு சில மில்லிகிராம் கல் அந்தக் கதைக்கு ஒத்துழைக்க மறுத்தது. அந்த மறுப்பு எப்படி நிகழ்ந்தது, அதன் இயக்கம் என்ன என்பதை இயன்றவரை எளிமையாகச் சொல்லிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. விஞ்ஞானம் படிக்காதவர்களுக்காக, விஞ்ஞானம் படிக்காத ஒருவன் எழுதுவது.

2

முதலில் சொல். ஐசோடோப் என்பதற்கு நம் பாடநூல்காரர்கள் 'ஓரிடத்தான்' என்று ஒரு சொல் செய்தார்கள். இலங்கையில் 'சமதானி' என்பார்கள். 1913இல் கிளாஸ்கோவில் பிரெடரிக் சாடி என்ற வேதியியலாளர் தான் கண்டதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தபோது மார்கரெட் டாட் என்பவர் இந்தப் பெயரைச் சொன்னார். அவர் மருத்துவர், நாவலாசிரியரும்கூட. கிரேக்கத்தில் 'ஒரே இடம்' என்று அர்த்தம். இங்கே இடம் என்பது தனிம அட்டவணையில் உள்ள கட்டம். ஒரே கட்டத்தில் உட்காருகிற, ஆனால் எடையில் வேறுபடுகிற அணுக்கள்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். எட்டுப் புரோட்டான்கள் இருந்தால் அது ஆக்சிஜன். கூடவே இருக்கும் நியூட்ரான்கள் எட்டாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் பத்தாகவும் இருக்கலாம். ஆக்சிஜன்-16, ஆக்சிஜன்-17, ஆக்சிஜன்-18 என்று மூன்று பேர். பூமியில் பத்தாயிரம் ஆக்சிஜன் அணுக்களை எண்ணினால் ஏறத்தாழ 9976 பேர் பதினாறு, 20 பேர் பதினெட்டு, வெறும் நாலே பேர் பதினேழு. வேதியியல் நடத்தையில் மூவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூச்சில் போனாலும் கல்லில் கிடந்தாலும் வித்தியாசம் தெரியாது. எடை மட்டும் வேறு.

இந்த எடை வேறுபாட்டைப் பிடிக்க நிறைநிறமாலைமானி என்ற கருவி. கல்லின் சிறு துணுக்கைப் புளோரின் சேர்ந்த ஒரு வாயுவில் வைத்துச் சூடாக்கினால் கல்லுக்குள் பூட்டப்பட்டிருக்கும் ஆக்சிஜன் விடுபட்டு வெளியே வரும். (கல் என்பதே பெரும்பாலும் ஆக்சிஜன்தான், நிலாக்கல்லின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அது.) வெளிவந்த வாயுவுக்கு மின்னேற்றம் கொடுத்துக் காந்தப்புலத்தின் ஊடாக ஓடவிட்டால் இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். மூன்று தடங்கள், மூன்று எண்ணிக்கைகள். அவ்வளவுதான்.

இதில் கிடைக்கும் எண் தனித்து நிற்பதில்லை. ஒரு கல்லில் பதினெட்டு எத்தனை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பொது அளவையைக் காட்டிலும் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, எத்தனை பங்கு குறைவு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பொது அளவை பூமியின் கடல்நீர். ஆக, அளவீட்டின் அடிப்படையே வேறுபாடு. தனித்த குறிக்கு மதிப்பில்லை, மற்றவற்றிலிருந்து அது விலகும் தூரமே அதன் மதிப்பு என்று சசூர் மொழி குறித்துச் சொன்னதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: இந்த விலகலை நாம் இட்டுக்கட்டவில்லை. வேறொரு ஊரில், வேறொரு கருவியில், நம்மைப் பிடிக்காத ஒருவர் அளந்தாலும் அதே விலகல் வந்தாக வேண்டும்.

3

சரி, விலகல் இருந்தால் உறவில்லை, விலகல் இல்லாவிட்டால் உறவு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டெனப் பிடிபடும்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ளகர ழகர மயக்கம், புள்ளியில்லாததால் வரும் தடுமாற்றம் போன்றவை எந்த ஊர் எழுத்தரும் தனித்தனியே செய்யக்கூடியவை. இரண்டு ஏடுகளில் இதே பிழை இருக்கிறது என்பதால் அவை ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று ஆகாது. ஆனால் ஒரே பாட்டில் ஒரே இடத்தில் மூன்று அடி விட்டுப்போய் நான்காம் அடியின் பாதி முன்னே ஏறியிருந்தால்? இரண்டு எழுத்தரும் தற்செயலாக அப்படிச் செய்திருக்க முடியாது. அது வழிவழியாக வந்த வடு.

ஐசோடோப்பிலும் இப்படி இரண்டு வகை உண்டு. நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறு முந்திக்கொள்ளும். பாறைக் குழம்பு படிகமாகும்போதும் எடையைப் பொறுத்துச் சின்னச் சின்னப் பாரபட்சங்கள் நேரும். இவை எங்கும் நடக்கும் எழுத்துப்பிழைகள் மாதிரி. ஆனால் இவற்றுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பதினெட்டுக்கும் பதினாறுக்கும் எடை வித்தியாசம் இரண்டு. பதினேழுக்கும் பதினாறுக்கும் ஒன்று. எனவே பதினெட்டு ஒரு பங்கு நகர்ந்தால் பதினேழு ஏறத்தாழப் பாதி, கணக்காகச் சொன்னால் 0.52 பங்கு, நகரும். ஒன்றைக் கிடைமட்டத்திலும் மற்றதைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் பூமியின் கடல்நீர், கருங்கல், ஆற்றுமணல், களிமண் எல்லாம் ஒரே சாய்கோட்டில் விழும். கோட்டின் மேல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்; கோட்டை விட்டு விலகுவதில்லை. மூன்று ஐசோடோப்புகள் தேவைப்படுவது இதற்காகத்தான். இரண்டு மட்டும் இருந்தால் தற்செயல் பிழையையும் பிறவி வடுவையும் பிரித்தறிய வழியில்லை.

1969 பிப்ரவரியில் மெக்சிகோவின் அயெண்டே என்ற ஊரை ஒட்டிப் பெரிய விண்கல் மழை ஒன்று விழுந்தது. அதன் கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சில பொட்டுகள். சூரியக் குடும்பத்தில் உருவான முதல் திடப்பொருட்கள் அவை, வயது 456.7 கோடி ஆண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிளேட்டன், லாரன்ஸ் கிராஸ்மன், டோஷிகோ மயேடா மூவரும் 1973இல் அவற்றின் ஆக்சிஜனை அளந்து வெளியிட்டபோது ஒரு நம்பிக்கை உடைந்தது. அந்தப் பொட்டுகள் பூமியின் கோட்டில் இல்லை. சூரியக் குடும்பம் நன்றாகக் கலக்கப்பட்ட ஒரே குழம்பிலிருந்து வந்தது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். குழம்பு சரியாகக் கலக்கவே இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஆக்சிஜன். செவ்வாயிலிருந்து தெறித்து வந்த விண்கற்கள் பூமிக்கோட்டுக்கு ஆயிரத்துக்கு 0.3 பங்கு மேலே ஒரு தனிக்கோட்டில் நிற்கின்றன. வெஸ்டா என்ற குறுங்கோளோடு தொடர்புடைய கற்கள் பூமிக்கோட்டுக்குக் கீழே.

டோஷிகோ மயேடா பற்றி இங்கே இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு முகாமில் அடைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். போருக்குப் பின் ஹெரால்ட் யூரேயின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்தார். கல்லிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் முறையைக் கிளேட்டனும் அவரும் சேர்ந்து 1963இல் வெளியிட்டார்கள். இன்று வரை அந்த முறையின் வழித்தோன்றல்களால்தான் நிலாக்கல் அளக்கப்படுகிறது. எங்கிருந்து வந்தவர் என்பதை வைத்து அடைத்துப்போடப்பட்ட ஒரு பெண், கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர்.

பூமியின் கடல்நீரை அளவையாக வைத்தோம் அல்லவா? சூரியக்காற்றின் துகள்களைச் சேகரித்த ஜெனிசிஸ் கலம் 2004இல் பாரசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. நொறுங்கல்களிலிருந்து மீட்டு அளந்து 2011இல் முடிவு சொன்னார்கள். சூரியனின் ஆக்சிஜன் நம் அளவையிலிருந்து ஆயிரத்துக்கு அறுபது பங்கு அளவுக்கு விலகியிருக்கிறது. அயெண்டேயின் பழைய வெள்ளைப் பொட்டுகளின் பக்கம் நிற்கிறது. சூரியக் குடும்பத்தின் பொருளில் 99 சதவீதத்துக்கு மேல் சூரியனிடம்தான். அப்படியானால் பெரும்பான்மையிலிருந்து விலகிய பேர்வழி நாம்தான். மையம் என்று வைத்துக்கொண்ட அளவையே ஒரு விளிம்புக் கிராமம் என்று தெரியவந்தது. ஆனாலும் அளவை பயன்படாமல் போகவில்லை. எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் விளிம்பிலிருந்தும் சரியாக அளக்கலாம்.

4

இனி நிலாவுக்கு வருவோம். அப்பல்லோவுக்கு முன் மூன்று கதைகள் புழக்கத்தில் இருந்தன. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1870களின் இறுதியில் சொன்னது: வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து பிய்ந்து போனது நிலா. மகள் கதை. இரண்டாவது: வேறெங்கோ பிறந்து வழிதவறி வந்து பூமியிடம் மாட்டிக்கொண்டது. வந்தேறி கதை. மூன்றாவது: இரண்டும் அருகருகே ஒரே தூசியிலிருந்து வளர்ந்தவை. தங்கை கதை. குடும்ப உறவுகளின் வழியாகத்தான் மூலத்தை யோசிக்கிறோம் என்பது இருக்கட்டும்.

1969இலிருந்து 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. சோவியத்தின் ஆளில்லாத மூன்று லூனாக் கலங்கள் கால் கிலோவுக்குச் சற்று அதிகம். கல் கையில் வந்ததும் முதலில் அடிபட்டது யூரேயின் எதிர்பார்ப்பு. நிலா ஒருபோதும் உருகாத, ஆதிகாலத்துக் குளிர்ந்த பொருள் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் அப்பல்லோ-11 மண்ணில் கிடந்த சின்னஞ்சிறு வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்து ஜான் வுட்டும் சகாக்களும் 1970இல் வேறு சொன்னார்கள். அது அனார்த்தோசைட் என்ற பாறை. பாறைக்குழம்புக் கடலில் இலேசான படிகங்கள் பாலாடை மாதிரி மேலே மிதந்து இறுகினால்தான் இவ்வளவு பெரிய வெள்ளை நிலப்பரப்பு உண்டாகும். நிலா முழுக்கவோ பெரும்பகுதியோ ஒருகாலத்தில் உருகிக் கிடந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23இல் தென்துருவப் பக்கம் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தூரத்தில் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அதுவும் இந்தக் குழம்புக்கடலுக்கே சாட்சி சொன்னது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இதே அனார்த்தோசைட் இருக்கிறது. அதை அரைத்துத்தான் நிலாமண் மாதிரி செய்து இறங்குகலத்தையும் ஊர்தியையும் இஸ்ரோ சோதித்தது. அப்படின்னா சித்தம்பூண்டிக்கும் நிலாவுக்கும் உறவு என்று யாரேனும் கிளம்பிவிடக் கூடாது. பாறை வகை ஒன்று, பிறந்த கதை வேறு, வயதும் வேறு. சித்தம்பூண்டிப் பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் இளையது. தோற்ற ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. ஐசோடோப் தேவைப்படுவதே இதற்காகத்தான்.

கற்கள் வேறு சிலவும் சொல்லின. நிலாவில் எளிதில் ஆவியாகும் பொருட்கள் மிகக் குறைவு. இரும்பும் குறைவு: பூமியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்புக் கருவம், நிலாவின் கருவமோ ஒன்றிரண்டு சதவீதம். இவற்றையெல்லாம் ஒரே வீச்சில் விளக்கியது நான்காவது கதை. 1975இல் வில்லியம் ஹார்ட்மன், டொனால்ட் டேவிஸ் இருவரும், 1976இல் காமரன், வார்ட் இருவரும் முன்வைத்தது. கருவமும் கவசமும் ஏற்கெனவே பிரிந்துவிட்ட இளம்பூமியின் மேல் செவ்வாய் அளவுள்ள இன்னொரு கோள் சாய்வாக மோதியது. இரும்பு பூமிக்குள் இறங்கிவிட்டது. உருகி ஆவியாகித் தெறித்த பாறை சுற்றிலும் வட்டாகி, பின் திரண்டு நிலாவானது. 1984இல் ஹவாய்த் தீவின் கோனாவில் நடந்த மாநாட்டில் பழைய மூன்று கதைகளும் பின்னே போய் இது முன்னே வந்தது. மோதிய கோளுக்குப் பிற்பாடு 'தீயா' என்று பெயரும் வைத்தார்கள். கிரேக்கத்தில் நிலாவைப் பெற்றவள்.

நல்ல கதை. கணினியும் ஆமோதித்தது. 2001இல் ரோபின் கனப், எரிக் அஸ்பாக் இருவரின் கணக்கீடு நிலாவின் எடையையும் சுழற்சியையும் குறைந்த இரும்பையும் கொடுத்தது. ஆனால் அதே வகைக் கணக்கு இன்னொன்றும் சொன்னது: நிலாவாகத் திரளும் பொருளில் பெரும்பகுதி, எழுபது எண்பது சதவீதம்கூட, தீயாவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

5

இங்கேதான் கல் மறுத்தது. தீயா வேறொரு வட்டாரத்தில் வளர்ந்த கோள் என்றால் அதன் ஆக்சிஜனும் வேறாக இருந்திருக்க வேண்டும். செவ்வாய் அளவுக்கு விலகியிருந்தால் நிலாக்கல் பூமிக்கோட்டிலிருந்து ஆயிரத்துக்கு 0.2 பங்காவது தள்ளி நிற்க வேண்டும். கணக்கீடு வந்த அதே 2001இல் சூரிச்சில் வீஹெர்ட்டும் சகாக்களும் 31 நிலாக்கல் மாதிரிகளை அளந்து முடிவை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு 0.005 பங்கு துல்லியத்துக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை. எதிர்பார்த்த விலகலில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. நிலா பூமியின் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2012இல் டைட்டானியத்தை அளந்தார்கள். பத்து லட்சத்தில் நாலு பங்குக்குள் அதுவும் ஒன்றே.

வேறுபாட்டைத் தேடுவதற்காகவே உருவான ஒரு முறை வேறுபாடின்மையைக் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வது? வழக்கமாகப் பெருங்கதையாடல்கள் செய்வது நமக்குத் தெரியும்: பொருந்தாததை விதிவிலக்கு என்று ஓரத்தில் ஒதுக்கிவிடும். இங்கே அப்படி ஒதுக்க முடியாமல் போயிற்று. ஏன் என்றால் எண் திரும்பத் திரும்ப வந்தது. கதையைத்தான் திருத்த வேண்டியதாயிற்று. திருத்தங்களையும் ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலையையும் பார்க்கலாம்.

ஒன்று: மோதலுக்குப் பின் கலந்துவிட்டது. உருகிய பூமிக்கும் சுற்றிய வட்டுக்கும் பொதுவான பாறை ஆவி மண்டலம் ஒன்று இருந்தது, அதன் வழியே ஆக்சிஜன் போய்வந்து சமமாகிவிட்டது என்று 2007இல் பாலேவான், ஸ்டீவன்சன் இருவரும் சொன்னார்கள். ஆக்சிஜனுக்குச் சரி. எளிதில் ஆவியாகாத டைட்டானியம் எப்படிக் கலந்தது?

இரண்டு: மோதலே வேறு மாதிரி. இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருமுறை சுழன்ற பூமியின் மேல் சிறிய கோள் மோதிப் பூமியின் கவசத்தையே தெறிக்கவிட்டது என்று சுக், ஸ்டூவர்ட், ஏறத்தாழச் சம அளவுள்ள இரண்டு கோள்கள் மோதி முழுக்கக் கலந்தன என்று கனப், இரண்டுமே 2012. பின்னால் லாக், ஸ்டூவர்ட் இருவரும், மோதலில் பூமியே பாறை ஆவியாலான பெரிய வட்டப் பொருளாகி அதற்குள்ளிருந்து நிலா திரண்டது என்றார்கள். கலப்பு கிடைத்துவிடும். ஆனால் இவை கொடுக்கும் சுழற்சி இன்றைய பூமி, நிலாவின் சுழற்சியை விட மிக அதிகம். அந்த மிச்சத்தைக் கழிக்க இன்னொரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று: தீயா அந்நியமே அல்ல. பூமியின் பக்கத்து வீட்டில் அதே வகைப் பொருளிலிருந்து வளர்ந்தது. பூமியின் ஐசோடோப் முகத்தை அப்படியே கொண்ட என்ஸ்டடைட் காண்டிரைட் என்ற விண்கல் வகை இருப்பதும், 2025இல் இரும்பின் ஐசோடோப்புகளை வைத்துத் தீயா சூரியனுக்கு அருகான உட்பகுதியில் வளர்ந்தது என்று வந்த ஆய்வும் இதற்கு வலு. ஆனால் குறுக்கே டங்ஸ்டன் வந்து நிற்கிறது.

டங்ஸ்டன் சொல்வது இடத்தின் கதையை அல்ல, வளர்ப்பின் கதையை. ஹாஃப்னியம்-182 என்ற ஐசோடோப் சுமார் 90 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகச் சிதைந்து இறுதியில் டங்ஸ்டன்-182 ஆகிறது. ஹாஃப்னியம் பாறையோடு தங்கும். டங்ஸ்டன் இரும்போடு கருவத்துக்குப் போய்விடும். எனவே ஒரு கோளின் கருவம் எப்போது, எவ்வளவு சீக்கிரம் பிரிந்தது என்பதைப் பொறுத்து அதன் கவசத்தில் டங்ஸ்டன்-182 கூடும் குறையும். அடுத்தடுத்த வீட்டில் பிறந்தாலும் இரண்டு கோள்களுக்கு இது ஒன்றாக அமைய வேண்டும் என்பதில்லை. 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்தபோது நிலாவில் பூமியை விடப் பத்து லட்சத்தில் இருபத்துச் சொச்சம் பங்கு அதிகம் என்று வந்தது. நிலா பிறந்த பிறகு பூமியின் மேல் கூடுதலாக விழுந்த விண்கல் சரக்கு பூமியின் எண்ணைக் கொஞ்சம் இறக்கிவிட்டது என்று கணக்கிட்டால் அந்த வித்தியாசமும் கரைந்துவிடுகிறது. அதாவது பிறந்த நேரத்தில் இங்கும் ஒன்று. பக்கத்து வீட்டுக் கதை மட்டும் போதாது. ஏதோ ஒரு அளவில் கலப்பும் நடந்திருக்க வேண்டும்.

எல்லாமே ஒன்று என்றால் மகள் கதைக்கே திரும்பிவிடலாமே என்று தோன்றும். துத்தநாகம் அதைத் தடுக்கிறது. 2012இல் அளந்தபோது நிலாக்கல்லின் துத்தநாகத்தில் கனமான ஐசோடோப்புகள் தெளிவாகக் கூடுதல். 2016இல் பொட்டாசியத்தை அளந்தார்கள், ஆயிரத்துக்கு 0.4 பங்கு அதிகம். இரண்டும் சூட்டில் ஓடிப்போகிறவை. ஓடும்போது இலேசானவை முந்திப் போய்விட, கனமானவை பின்தங்கியிருக்கின்றன. ஓடாத டைட்டானியத்தில் வித்தியாசம் இல்லை, ஓடக்கூடிய துத்தநாகத்தில் இருக்கிறது. பாறையே ஆவியாகும் அளவுக்கு ஒரு பெருஞ்சூடு நடந்திருக்கிறது. மோதல் என்ற எலும்புக்கூடு இதனால்தான் விழாமல் நிற்கிறது; தசையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக்சிஜனிலும் சண்டை முடிந்தபாடில்லை. 2014இல் ஒரு ஜெர்மன் குழு பத்து லட்சத்தில் 12 பங்கு வித்தியாசம் கண்டது. 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் குழு ஒன்றும் இல்லை என்றது. 2020இல் நியூ மெக்சிகோ குழு, நிலாக்கற்களைச் சராசரி எடுத்ததுதான் தவறு, பாறை வகைக்கு ஏற்ப வித்தியாசம் மாறுகிறது, நிலாவின் ஆழத்திலிருந்து வந்தவற்றில்தான் அதிகம் என்றது. சராசரி என்பது வேறுபாட்டைத் துடைத்தழிக்கும் என்ற இந்த வாதம் நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் அது சரியா என்பதை நம் பழக்கம் தீர்மானிக்காது. அடுத்த அளவீடு தீர்மானிக்கும்.

6

இது யாருடைய கல் என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். 1969 ஜூலையில் அப்பல்லோ-11 கிளம்புவதற்கு முந்தைய நாள் ரால்ஃப் அபர்னாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்தின் அருகே போய் நின்றார். இரண்டாயிரம் கோடி டாலருக்கும் மேல் விழுங்கிய திட்டம் அது, பனிப்போரின் பிள்ளை. இந்த எதிர்ப்பு நியாயமானது. அந்த 382 கிலோவிலிருந்து கிடைத்த அறிவும் உண்மையானது. ஒன்று மற்றதைப் பொய்யாக்குவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கிக்கொள்வது நம்மிடையே அபூர்வமாகிவிட்டது.

அதிகாரம் அறிவின் உள்ளே நுழையும் இடத்தையும் துல்லியமாகச் சுட்ட வேண்டும். எண்ணைத் திரிப்பதில் அது நுழையவில்லை. எந்தக் கல் கைக்கு வந்தது என்பதில் நுழைந்தது. அப்பல்லோ இறங்கிய ஆறு இடங்களும் பூமியைப் பார்த்த பக்கத்தில், மனிதர் பத்திரமாக இறங்கித் திரும்பத் தோதான பகுதிகளில். அரை நூற்றாண்டாக 'நிலாவின் வேதியியல்' என்று பேசப்பட்டதில் பெரும்பங்கு ஒரு முகத்தின் சில மூலைகளைப் பற்றியது. 1980களிலிருந்து கண்டெடுக்கப்பட்ட நிலா விண்கற்கள் மட்டுமே எங்கிருந்தென்று தெரியாத தற்செயல் சாட்சிகளாக இருந்தன. 2020இல் சீனாவின் சாங்-5 கலம் 1.7 கிலோவும், 2024 ஜூனில் சாங்-6 முதல்முறையாக மறுபக்கத்திலிருந்து 1.9 கிலோவும் கொண்டுவந்தன. 2011இல் வந்த அமெரிக்கச் சட்டம் நாசா சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்வதைத் தடுக்கிறது. ஆயினும் 2025இல் சாங்-5 கல்லைக் கடனாகப் பெற்ற ஆய்வு நிறுவனங்களின் பட்டியலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இருந்தன.

வேறொரு விவரம். 1972இல் அப்பல்லோ-17 கொண்டுவந்த மண்குழாய்களில் ஒன்றை வெற்றிடத்தில் மூடி அப்படியே வைத்துவிட்டார்கள். திறந்தது 2022இல். தங்கள் கருவி போதாது, பின்னால் வருகிறவர்களிடம் நல்ல கருவி இருக்கும் என்று ஐம்பது வருடம் திறக்காமல் வைத்தது. ஹூஸ்டன் களஞ்சியத்தில் கல் நைட்ரஜனில் பாதுகாப்பாக இருக்கிறது. மில்லிகிராம் கணக்கில் வெட்டிக் கொடுத்து, எந்தத் துணுக்கு எங்கே போனது என்று பதிவு வைக்கிறார்கள். நம் ஊரில் சுவடிகளைக் கரையான் தின்றதையும், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இது வெறும் நிர்வாகச் செய்தியாகத் தெரியாது. எதிராளி திரும்ப வந்து சரிபார்க்கும்படி சான்றை வைத்திருப்பதுதான் கதையைத் திருத்தும் சாத்தியத்தைக் காப்பாற்றுகிறது.

7

கடைசியாக, இந்த விஷயத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். 'பார்த்தீர்களா, பூமியே கலப்பு, தூய மூலம் என்று எதுவும் இல்லை' என்று கல்லை மேடைக்குக் கொண்டுவரும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மோதலுக்கு முந்தைய பூமி என்று தனியாக ஒன்று இன்று எங்கும் இல்லை என்பது உண்மை. தீயாவும் எங்கோ நம் காலடியில் கரைந்து கிடக்கிறது. ஆனால் மனிதக் கூட்டங்களின் சமத்துவத்துக்கு ஆக்சிஜன்-17இன் சாட்சி தேவையில்லை. தேவை என்று வைத்துக்கொண்டால், நாளை விலகல் இருக்கிறது என்று ஒரு அளவீடு வந்தால் சமத்துவத்தைக் கைவிட்டுவிடுவோமா? இயற்கையிலிருந்து நியாயத்தை உருவுவது எதிராளியின் பழைய வித்தை. அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வாசிப்பு முறை. எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்று முதலில் சொல்வது. எவருக்கும் நேரக்கூடிய பிழையையும் வழிவழி வந்த வடுவையும் பிரிப்பது. ஒரு சான்றை வைத்து முடிக்காமல் ஆக்சிஜன் சொன்னதை டைட்டானியத்திடமும் டங்ஸ்டனிடமும் துத்தநாகத்திடமும் கேட்பது. நமக்குப் பிடித்த கதை எந்த எண் வந்தால் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. ஒரு கோயிலின் மூலம் பற்றியோ ஒரு சாதியின் பூர்வீகம் பற்றியோ அடுத்த முறை யாராவது பேசும்போது, நம்மவர்களே ஆனாலும், இந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பார்க்கலாம்: என்ன கிடைத்தால் நீங்கள் சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? பதில் இல்லையென்றால் அங்கே மூலம் பற்றிப் பேச்சு நடக்கவில்லை, பாகப்பிரிவினை நடக்கிறது.